ரவுட்டர் மாத்தப் போறீங்களா, முதல்ல செவத்துல என்ன ஒயர் வருதுன்னு பாருங்க

போன மாசம் மதுரைல ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ரிட்டையர்டு வாத்தியார், வீட்டுல அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான், பையன் துபாய்ல இருக்கான், ராத்திரி வீடியோ கால்ல பேரப்பிள்ளைய பாக்குறதுக்குத்தான் நெட்டே. நாலு நாளா பேச முடியலன்னு அந்தம்மா முகமே வாடிப் போயிருந்துச்சு. "தம்பி, பழைய பெட்டி செத்துப் போச்சு, அதான் புதுசு வாங்கிட்டேன், ஆறு ஆன்டெனா, 3,200 ரூபா, மாட்டுனா வைஃபை காட்டுது ஆனா நெட்டு வரமாட்டேங்குது"ன்னாரு. பாத்தா அவர் வீட்டுக்கு வர்றது ஃபைபர் லைன், அதாவது வெளிச்சத்துல நெட்டு கொண்டு வர்ற கண்ணாடி இழை. பச்சை முனை வச்ச மெல்லிசு கேபிள் மேஜைக்குப் பின்னாடி அந்தரத்துல தொங்குது, புது ரவுட்டர்ல அதைச் சொருக ஓட்டையே கிடையாது. பழைய பெட்டிய எடுத்து என்கிட்ட இருந்த அடாப்டர போட்டேன், ரெண்டு நிமிசத்துல எல்லா லைட்டும் எரிஞ்சிருச்சு. செத்தது பெட்டி இல்ல, அடாப்டர்தான். 250 ரூபால முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

வீடு வீடாப் போயி நெட்டு, ரவுட்டர் சரி பண்ற இந்த வேலைக்கு நான் வந்து 14 வருசம் ஆச்சு, இதே கதைய வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் பாக்குறேன், அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன். ரவுட்டர் வாங்குறதுல தப்பு நடக்குறது கடைல இல்ல, கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே நடந்துருது.

நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒயர் வழியா நெட்டு பெரும்பாலும் மூணு விதமா வருது. முதலாவது பழைய டெலிபோன் ஒயர், போன்ல சொருகுற மாதிரி சின்ன பின், இதுக்கு ஏடிஎஸ்எல் மோடம் (டெலிபோன் ஒயர்ல வர்ற சிக்னலை நெட்டா மாத்துறது) உள்ளயே இருக்குற ரவுட்டர்தான் வேணும், இப்ப ரொம்பக் கொறைஞ்சு போச்சு, உங்க வீட்டுல இன்னும் இதுதான்னா புது பெட்டிக்குக் காசு போடாம உங்க தெருவுல ஃபைபர் வந்துருச்சான்னு விசாரிங்க. ரெண்டாவது ஃபைபர். இதுல வெளிச்சத்தை நெட்டா மாத்துற பெட்டிக்கு ஓஎன்டி, ஓஎன்யூன்னு பேரு, கம்பெனிக்காரங்களே குடுப்பாங்க, அதோட சீரியல் நம்பர் அவங்க சிஸ்டத்துல ஏறியிருக்கும், அதனால நீங்களா ஒண்ணு வாங்கி மாட்டுனா அவங்க அதைப் பதிவு பண்ற வரைக்கும் லைன் கிடைக்காது. அதுலயும் ஜிபான், ஈபான்னு ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு இருக்குற எடத்துல இன்னொண்ணு வேலை செய்யாது. மூணாவது கேபிள் டிவிக்காரர் மாடி வழியா இழுத்து விடுற லேன் கேபிள் (உள்ள எட்டு சின்ன ஒயர் இருக்குற நெட் கேபிள்), இதுக்கு மட்டும்தான் கடைல விக்கிற சாதாரண ரவுட்டர் நேரடியா ஒத்து வரும், அதுக்கும் அவர் குடுத்த யூசர் நேம் பாஸ்வேர்டு போடணும், சில பேர் பழைய ரவுட்டரோட மேக் நம்பர (ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) லாக் பண்ணி வச்சிருப்பாங்க, அவருக்கு ஒரு போன் போட்டு புது நம்பர சொல்லணும்.

ஃபைபர் வீட்டுல வைஃபை சரியில்லன்னா கம்பெனி பெட்டிய தூக்கிப் போடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும், அதோட வைஃபைய ஆஃப் பண்ணிட்டு அதுல இருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து உங்க சொந்த ரவுட்டர மாட்டுங்க. முடிஞ்சா அந்தப் பெட்டிய பிரிட்ஜ் மோடுல (அது லைனை மட்டும் கடத்தும், ரவுட்டர் வேலைய உங்க ரவுட்டர் பாக்கும்) போடச் சொல்லுங்க, அப்பத்தான் சிசிடிவிய வெளியூர்ல இருந்து பாக்குறது மாதிரி வேலைல ரெண்டு ரவுட்டரும் ஒண்ணை ஒண்ணு மறைக்காது. பெரியவங்க இருக்குற வீட்டுல இன்னொண்ணு, லேண்ட்லைன் போன் அந்தப் பெட்டிலதான் சொருகியிருக்கும். பெட்டிய எடுத்தா போனும் போச்சு. ஒரு பாட்டி வீட்டுல ஒரு வாரம் யார் கூப்பிட்டாலும் மணியே அடிக்கலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவத் தட்டிப் பாத்திருக்காங்க, காரணம் இதுதான்.

சரி, நிஜமாவே ரவுட்டர் போயிருச்சான்னு எப்படிப் பாக்குறது? முதல் சந்தேகம் எப்பவும் அடாப்டர் மேலதான் இருக்கணும். கரன்ட் ஏறி இறங்குற ஊர்ல அடாப்டருக்குள்ள இருக்குற கெபாசிட்டர் உப்பிப் போகும், வெறும்ன மீட்டர் வச்சுப் பாத்தா 12 வோல்ட் காட்டும், ரவுட்டர்ல சொருகுனதும் தொங்கிரும், லைட்டு எரியும் ஆனா அரை மணிக்கு ஒருக்க தானா ரீஸ்டார்ட் ஆகும். மாத்தும்போது வோல்ட் அப்படியே அதே இருக்கணும், 9 வோல்ட் பெட்டிக்கு 12 போட்டா பொசுங்கிரும், ஆம்ப் அதே அளவோ கூடவோ இருக்கலாம், கொறையக் கூடாது, பின்னோட பிளஸ் மைனஸ் படத்தையும் பாத்துக்கோங்க.

ரெண்டாவது ஃபைபர். எல்ஓஎஸ் (LOS)னு எழுதின லைட்டு சிவப்பா மினுக்குச்சுன்னா ரவுட்டர மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, வெளிச்சமே வீட்டுக்கு வந்து சேரல, எங்கயோ எலி கடிச்சிருக்கும் இல்லன்னா கம்பத்துல அறுந்திருக்கும், வீட்டுக்குள்ளயே பீரோவுக்குப் பின்னாடி மடங்கி நசுங்கியும் இருக்கலாம். சிவப்பு இல்லாமலே அடிக்கடி கட் ஆகுதுன்னா பிரவுசர்ல ஓஎன்டியோட செட்டிங் பக்கத்துக்குள்ள போயி ஆர்எக்ஸ் பவர்னு (வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு) ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25க்குள்ள இருந்தா நிம்மதி, மைனஸ் 27ஐத் தாண்டி மைனஸ் 28, 29னு போச்சுன்னா லைன் எப்ப வேணா விழும். லைன் வைக்க வர்ற பையன்கிட்ட அந்த நம்பரை கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி கம்ப்ளைன்ட் பண்ணும்போது அது கைல இருக்குறது எவ்வளவு உபயோகம்னு அப்பத் தெரியும்.

மூணாவது, லேப்டாப்ப லேன் கேபிள்ல நேரடியா போட்டுப் பாருங்க. கேபிள்ல வேகம் முழுசா வந்து வைஃபைல மட்டும் வரலன்னா பாதி நேரம் ரவுட்டர் வச்சிருக்குற எடம்தான் தப்பு. டிவிக்குப் பின்னாடி, இரும்பு பீரோ மேல, ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள வச்சா எந்த ரவுட்டரும் திணறத்தான் செய்யும். ஹால் நடுவுல, தலை உயரத்துக்கு மேல ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க, அப்பவும் சரியாகலன்னா புதுசு வாங்குறதப் பத்திப் பேசுவோம்.

இப்ப கடைக்கு வருவோம். பெட்டி மேல 1200னு பெருசா போட்டிருக்கும். அது என்னன்னா வைஃபை ஓடுற ரெண்டு அலைவரிசைல, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்டு பண்ணி 1200. உங்க போன் ஒரு நேரத்துல ஒண்ணுலதான் இருக்கும், அதுலயும் அந்த 867 முழுசா யாருக்கும் கிடைக்காது. இதை விட முக்கியமா நான் பாக்குறது பின்னாடி இருக்குற போர்ட்டு. 1200னு போட்டுட்டு நெட்டு உள்ள வர்ற வேன் போர்ட்டு வெறும் 100 எம்பிபிஎஸ்ஸா இருக்குற மாடல்கள் இன்னமும் விக்குது, அதுல நீங்க 200, 300 பிளான் போட்டாலும் ஸ்பீடு டெஸ்ட்ல 94, 95ஐத் தாண்டாது. ஒரு கஸ்டமர் ரெண்டு வருசமா 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாசாமாசம் காசு கட்டியிருக்காரு, கம்பெனிக்குப் போன் பண்ணிச் சண்டையும் போட்டிருக்காரு, பாத்தா போர்ட்டுதான் 100. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு. அதனால பெட்டிய திருப்பி வேன் போர்ட்டும் லேன் போர்ட்டும் கிகாபிட்டான்னு (1000 எம்பிபிஎஸ்) பாருங்க, 10/100னு மட்டும் இருந்தா கீழ வச்சிருங்க. கேபிளும் அப்படித்தான், மேல கேட் 5இ (Cat 5e)ன்னு வகை போட்டிருந்தா கிகாபிட்டுக்குத் தாராளம், ஆனா எட்டு ஒயர்ல ஒண்ணு அறுந்தாலும் பல நேரம் சத்தமில்லாம 100க்கு இறங்கிரும், அலுமினியத்து மேல செம்பு பூசின மலிவு கேபிள்ல இது ரொம்ப நடக்கும்.

ஆன்டெனா எண்ணிக்கைய வச்சு வாங்காதீங்க. எவ்வளவு பவர்ல சிக்னல் விடலாம்னு அரசாங்கமே ஒரு எல்லை வச்சிருக்கு, அதனால ஆறு ஆன்டெனா இருந்தா மூணு மடங்கு தூரம் போகும்னு இல்ல. நம்ம வீடு செங்கலும் கான்கிரீட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா ஓடும் ஆனா செவுரு தாண்டுனா சோர்ந்துரும், 2.4 செவுரு தாண்டும் ஆனா பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதுலதான் நெரிஞ்சுக்கிட்டு இருக்கு. (வைஃபை பேருக்குப் பின்னாடி 5ஜின்னு வர்றதுக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமில்ல, நிறைய பேர் கேக்குறாங்க.) மாடி வீட்டுக்கு ஒரே பெரிய ரவுட்டர விட சுமாரான ரெண்டு நல்லா வேலை செய்யும், கீழ ஒண்ணு மேல ஒண்ணு, நடுவுல லேன் கேபிள். கேபிள் இழுக்க வழியே இல்லன்னா மெஷ் (தங்களுக்குள்ள பேசிக்கிட்டு ஒரே வைஃபையா வேலை செய்ற பெட்டிங்க) வாங்குங்க, சிக்னலை வாங்கித் திருப்பி விடுற 800 ரூபா ரிப்பீட்டர் வாங்குனா பெரும்பாலும் வேகம் பாதியாயிரும். இன்னைக்கு வாங்குறவங்க வைஃபை 6 வாங்குங்க, 2019ல வந்தது, விலையும் இறங்கிருச்சு. 100, 200 பிளான் வச்சிருக்குற வீட்டுக்கு வைஃபை 7 தேவையே இல்ல.

இனி சொல்றதைத்தான் யாரும் கேக்குறதில்ல, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. ரவுட்டர்ங்கிறது ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதுக்குள்ள ஒரு சாஃப்ட்வேர் ஓடுது, அதுல ஓட்டை கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்காங்க. 2016ல மிராய்னு வைரஸ் மாதிரி ஒண்ணு வந்துச்சு, அட்மின் அட்மின்னு கம்பெனில போட்ட பாஸ்வேர்ட மாத்தாம வச்சிருந்த ரவுட்டர், கேமரா இதெல்லாத்துக்குள்ளயும் பூந்து அதையெல்லாம் சேத்து ஒரு படையாக்கி அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்கால ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சைட்டுகளையே பல மணி நேரம் தள்ளாட விட்டாங்க. 2018ல விபிஎன்ஃபில்டர்னு இன்னொண்ணு, 54 நாட்டுல 5 லட்சம் பெட்டிக்குக் கொறையாம புடிச்சுச்சு, எஃப்பிஐயே எல்லாரும் ரவுட்டர ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்ற நெலமை. இதெல்லாம் பெரிய கம்பெனில மட்டும் இல்ல, சாதாரண வீட்டு ரவுட்டர்லயும் நடந்தது. இங்க நானே ஒரு ஜவுளிக்கடைல பாத்தேன், எந்த சைட்டுக்குப் போனாலும் கண்ட விளம்பரமா வருதுன்னாங்க, உள்ள போயி பாத்தா டிஎன்எஸ் (சைட் பேரைச் சொன்னா அதோட முகவரிய எங்க கேக்கணும்னு சொல்ற செட்டிங்) எடத்துல சம்பந்தமே இல்லாத நம்பர். அந்த ரவுட்டர்லதான் தெனம் பேங்க் வேலை பாத்திருக்காங்க.

அதனால ஒரு மாடல் புடிச்சிருந்தா காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி சப்போர்ட் பக்கத்துல போயி கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடுற அந்த சாஃப்ட்வேர்) எந்தத் தேதில விட்டிருக்காங்கன்னு பாருங்க. மூணு வருசமா ஒண்ணுமே விடலன்னா அது எவ்வளவு மலிவா இருந்தாலும் வேணாம். ஒரே பேருல வி1, வி2, வி3ன்னு உள்ள வேற வேற சரக்கு வரும், அடில ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், அப்டேட்டும் அதுக்கேத்ததுதான் போடணும். தானா அப்டேட் ஆகுற மாடல் கிடைச்சா இன்னும் நல்லது, அப்பா அம்மா மட்டும் இருக்குற வீட்டுக்கு நான் அதைத்தான் வாங்கித் தர்றேன். மாட்டுன அன்னைக்கே அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபைல சேர வைக்கிற டபிள்யூபிஎஸ் பட்டன ஆஃப் பண்ணுங்க (அதோட எட்டு நம்பர் பின்ன உடைக்க முடியும்னு 2011லயே காட்டிட்டாங்க), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளிய இருந்து ரவுட்டர் செட்டிங்குக்குள்ள வர்ற வழி) ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, வைஃபை பூட்டுக்கு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 ரெண்டும் சேந்த மோடு போட்டா பழைய போனும் ஒட்டும்.

கரன்ட் விசயம் ரெண்டு வார்த்தை. மினி யூபிஎஸ் வாங்கும்போது ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் ரெண்டுக்கும் சேத்து எத்தனை ஆம்ப்னு கூட்டிப் பாத்து வாங்குங்க, ஒண்ணுக்கு மட்டும் போட்டா கரன்ட் போனதும் வைஃபை இருக்கும் நெட்டு இருக்காது. ஐப்பசி கார்த்திகைல இடி இடிக்கும்போது மொட்டை மாடி வழியா லேன் கேபிள் வர்ற வீட்டுல பவர் பிளக்க மட்டும் புடுங்குனா பத்தாது, அந்த கேபிளையும் புடுங்கணும். மழை சீசன்ல என்கிட்ட வர்ற செத்த ரவுட்டர்ல வேன் போர்ட்டு மட்டும் கருகிப்போனது ஏகப்பட்டது.

மாத்துற அன்னைக்கு பழைய ரவுட்டருக்குள்ள போயி யூசர் நேம், விலேன் நம்பர் (சில கம்பெனி லைனுக்குப் போடச் சொல்ற நம்பர்), டிவிஆருக்கு (கேமரா பதிவு பண்ற பெட்டி) போட்ட செட்டிங் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, அவசரத்துல பின்னாடி இருக்குற ஓட்டைல ஊக்கு விட்டு ரீசெட் பண்ணிட்டீங்கன்னா எல்லாம் அழிஞ்சிரும், அப்புறம் கம்பெனிக்காரன் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். வைஃபை பேரும் பாஸ்வேர்டும் பழசையே புதுசுல போட்டா டிவி, கேமரா, போன் எல்லாம் தானா ஒட்டிக்கும், ஆனா அந்தப் பாஸ்வேர்டு உங்க போன் நம்பரா இருந்தா இதான் சாக்குன்னு மாத்திருங்க. போட்டோ எல்லாம் எடுத்து, புதுசு ஒரு நாள் முழுக்க ஓடுனதுக்கு அப்புறம் அந்த ஊக்க எடுத்து பழசை ரீசெட் பண்ணுங்க, உங்க லைன் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் அதுக்குள்ளயேதான் இருக்கு, பழைய இரும்புக்காரருக்கோ சொந்தக்காரங்களுக்கோ அதுக்கு அப்புறம் குடுங்க.