ஜெர்மன் பையர் அனுப்பும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஜெர்மனியில் இருக்கும் பெரிய பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு, அனுப்புகிறவர்களுக்கு இந்த மின்னஞ்சல் பழகியிருக்கும். 'எங்கள் விநியோகச் சங்கிலிச் சட்டப்படி இணைப்பில் உள்ளதை நிரப்பி அனுப்பவும்' என்று வரும். உள்ளே பக்கம் பக்கமாகக் கேள்விகள், கடைசியில் ஓர் உறுதிமொழி: எங்களிடமோ எங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடமோ எந்த மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறலும் கிடையாது, இருந்தால் முழுப் பொறுப்பும் எங்களுடையது. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தையே எடுத்துப் பார்த்தால் அது கேட்பது வேறு.

தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் மனித உரிமை மீறலோ சுற்றுச்சூழல் கேடோ நடக்கிறதா என்று பெரிய நிறுவனங்களைக் கவனிக்கச் சொல்லும் இந்தச் சட்டத்தை ஜெர்மன் நாடாளுமன்றம் 2021 ஜூனில் நிறைவேற்றியது. 2023 ஜனவரி 1 முதல், ஜெர்மனிக்குள் குறைந்தது 3,000 பேர் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தியது, 2024 முதல் 1,000 பேர் இருந்தாலே போதும். கவனிக்க வேண்டியது, இந்தக் கடமை பையருடையது. வெளிநாட்டில் இருக்கும் சிறு சப்ளையரை இந்தச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தவே இல்லை, அவரைக் கட்டுவது பையருடன் அவர் போடும் ஒப்பந்தம் மட்டும்தான்.

ஏன் இப்படி ஒரு சட்டம் என்றால், 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழியில்லை. முக்கிய பையர் ஒரு ஜெர்மன் மலிவு விலைத் துணிக்கடை நிறுவனம். இதில் வயிறெரியும் விஷயம் என்னவென்றால், தீப்பிடிப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தக் கட்டடத்துக்கு சர்வதேசத் தரச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நீதிமன்றம் வரை போனார்கள், 2019-ல் காலக்கெடு கடந்துவிட்டது என்று வழக்கு தள்ளுபடியானது. நடுவில் அரசு, நிறுவனங்களே விருப்பப்பட்டுச் செய்யட்டும் என்று 2016-ல் ஒரு செயல்திட்டம் போட்டு, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களில் பாதியாவது 2020-க்குள் பின்பற்ற வேண்டும் என்றது. கணக்கெடுத்தபோது தேறியது 20 சதவீதம்கூட இல்லை. அதன் பிறகுதான் சட்டம்.

சரி, பையர் என்ன செய்ய வேண்டும்? வருடத்துக்கு ஒருமுறையாவது தன் நேரடி சப்ளையர்களிடம் எங்கே ஆபத்து இருக்கிறது என்று ஆராய வேண்டும். குழந்தைத் தொழில், கட்டாய வேலை, வேலையிடப் பாதுகாப்பு, தொழிற்சங்கம் சேரும் உரிமை, பாகுபாடு, வேலை நடக்கும் இடத்துச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்கிறதா என்பது, நிலத்தை விட்டுச் சட்டவிரோதமாகத் துரத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சுற்றுச்சூழலில், மக்களின் உணவையோ குடிநீரையோ உடல்நலத்தையோ கெடுக்கும் அளவுக்கு மண், நீர், காற்றை மாசுபடுத்துவது அடங்கும். தனியாக மூன்று சர்வதேச உடன்படிக்கைகளும் உண்டு: பாதரசத்துக்கு மினமாட்டா, எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கு ஸ்டாக்ஹோம், அபாயகரமான கழிவுக்கு பாசல்.

பலர் கண்ணில் படாத ஒரு வரியும் சட்டத்தில் இருக்கிறது. ஆபத்தைத் தடுக்கப் பையர் தன் கொள்முதல் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதாவது விலையை அடிமட்டத்துக்கு இறக்கி, பத்து நாளில் சரக்கு வேண்டும் என்று நெருக்கிவிட்டு, அப்புறம் 'உங்கள் ஆட்களை ஏன் இரவெல்லாம் ஓவர்டைம் பார்க்க வைக்கிறீர்கள்' என்று ஆடிட்டில் கேட்பது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. பேச்சுவார்த்தையில் இந்த வரியை எடுத்துக் காட்டிய சப்ளையரை நான் இன்னும் பார்க்கவில்லை, காட்டினால் தப்பே இல்லை.

இப்போது அந்த உறுதிமொழிக்கு வருவோம். சட்டத்தை அமல்படுத்தும் அலுவலகத்தின் சுருக்கப்பெயர் பாஃபா, பொருளாதாரம் மற்றும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான கூட்டாட்சி அலுவலகம். அது 2023-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, பையர் தன் கடமையை அப்படியே சப்ளையர் தலையில் கட்ட முடியாது என்பதுதான் அதன் சாரம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டால் கடமை முடிந்ததாகாது. ஆபத்து எங்கே என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே படிவத்தை அனுப்பினாலும் முடிந்ததாகாது. ஆகவே 'முழுப் பொறுப்பும் எங்களுடையது' என்ற வரி இருந்தால், எந்த ஆபத்தைப் பார்த்து இதைக் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்று மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்குக் கீழே ஜாப் வொர்க் (கூலிக்கு வேலை செய்து தருவது) செய்யும் ஆள் யாரிடம் கொடுத்து வாங்குகிறார் என்பது உங்களுக்கே தெரியாதபோது அதற்கு எப்படி உத்தரவாதம் தருவது?

கோளாறு கண்டுபிடித்தால் ஆர்டரை வெட்டிவிடுவார்கள் என்ற பயமும் பாதிதான் சரி. முதலில் கெடு வைத்து ஒரு திருத்தத் திட்டம் போட வேண்டும் என்கிறது சட்டம். மீறல் மிகக் கடுமையானதாக இருந்து, அந்தத் திட்டமும் கெடுவுக்குள் பலன் தராமல், வேறு மென்மையான வழியும் இல்லை என்றால்தான் உறவை முறிக்கும் கட்டாயம் வருகிறது. ஆனால் மறைத்து மாட்டினால் பையர் வியாபாரக் காரணம் சொல்லியே விலகிவிடலாம், அதைச் சட்டம் தடுக்காது. குறையை ஒப்புக்கொண்டு, எப்போது சரியாகும் என்று தேதி போட்டுக் கொடுப்பதுதான் பிழைக்கும் வழி என்று எனக்குப் படுகிறது.

நேரடி சப்ளையருக்கு அப்பால் இருப்பவர்களை வருடாவருடம் ஆராய வேண்டியதில்லை. ஆனால் அங்கே மீறல் நடக்கிறது என்று நினைக்க வைக்கும் தகவல் கைக்கு வந்துவிட்டால் பையர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2023-ல் ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்கள் சம்பள பாக்கிக்காக வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் முதலாளி போலந்துக்காரர். ஆனால் லாரிக்குள் இருந்த சரக்கு யாருடையது என்ற கேள்வி எழுந்தது, பாஃபாவும் அந்த நிறுவனங்களை விசாரிக்கத் தொடங்கியது, கடைசியில் ஓட்டுநர்களுக்குப் பணம் வந்தது.

தொழிலாளிகளுக்கு ஒன்று. ஒவ்வொரு பையரும் ஒரு புகார் வழி வைத்திருக்க வேண்டும், எந்த நிலை சப்ளையரிடம் வேலை பார்ப்பவரும், பக்கத்தில் குடியிருப்பவரும்கூட அதில் எழுதலாம். பெயரை ரகசியமாக வைக்க வேண்டும், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்காமல் பாதுகாக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பாஃபாவிடமும் இணையத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். எந்த பையர், எந்த இடம், எப்போது, என்ன நடந்தது என்பது தெளிவாக இருந்தால் பலன் கிடைக்கும், பொத்தாம்பொதுவாக எழுதினால் கிடப்பில்தான் போகும்.

அபராதம் 80 லட்சம் யூரோ வரை போகலாம், வருட விற்றுமுதல் 40 கோடி யூரோவைத் தாண்டிய நிறுவனம் என்றால் உலகளாவிய விற்றுமுதலில் 2 சதவீதம் வரை. அந்தப் பணம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இந்தச் சட்டத்தை மீறியதாலேயே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று அதிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். என் பார்வையில் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2025 செப்டம்பரில் ஜெர்மன் அமைச்சரவை, ஆண்டறிக்கைக் கடமையை நீக்கவும் அபராதத்தைக் கடுமையான மீறல்களோடு நிறுத்திக்கொள்ளவும் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த இதேபோன்ற விதியையும் அடுத்த வருடமே தள்ளிவைத்தார்கள். ஆனால் ஆபத்தை ஆராய்வது, புகார் வழி வைப்பது போன்ற கடமைகளில் அந்த மசோதா கைவைக்கவில்லை, அதனால் படிவம் இன்னும் வரும். அனுப்பும் முன் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த வரியை மாற்றச் சொன்னீர்கள் என்ற மின்னஞ்சலோடு சேர்த்து.