பிடிக்காத ஓவிய ஆர்டர் வந்தால் தலையாட்டும் முன்

என்னிடம் முன்பு ஓவியம் கற்றுக்கொண்ட ஒரு பெண் போன மாதம் போன் செய்தாள். "சார், ஒரு ஆர்டர் வந்திருக்கு. பார்த்தாலே பிடிக்கலை. ஆனா கையில சுத்தமா காசில்லை. எடுத்துக்கட்டுமா?" இளவயதில் இதே கேள்வியோடு நானும் பலர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். படமா, அவர்கள் பேசிய விதமா? அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. பெரும்பாலும் அப்படித்தான், உள்ளே ஏதோ உறுத்தும், அதற்கு "இதெல்லாம் ஒரு கலையா" என்று நாமே ஒரு பெயர் வைத்துவிடுவோம்.

போட்டோக்களை அனுப்பச் சொன்னேன். குடும்பப் படம், அதில் இறந்துபோன அப்பாவைச் சேர்க்க வேண்டும். மற்ற நான்கு பேரும் ஜன்னலோரம் நிற்கிறார்கள், இடப்பக்க வெளிச்சம், வலது கன்னத்தில் மெல்லிய நிழல். அப்பாவுக்கோ நேர் ஃபிளாஷில் எடுத்த அடையாள அட்டைப் படம் மட்டும்தான், நெற்றி வெளுத்துப்போய், மூக்குக்கு நிழலே இல்லாமல். அந்த முகத்துக்கு நிழலை நாமே யோசித்துப் போட வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் ஆள் வெட்டி ஒட்டியது போல நிற்பார், "சாயல் வரலையே" என்று வீட்டார் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்வார்கள். அவளை உறுத்தியது அதுதான். எத்தனை திருத்தம் என்ற பேச்சே இல்லை, முன்பணம் இல்லை, இரண்டு மாதத்தில் வார்னிஷோடு வேண்டுமாம். எண்ணெய் வண்ணத்துக்குக் கடைசி வார்னிஷ் அடிக்க வழக்கமாக 6 முதல் 12 மாதம் காய விடுவோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைக்குப் பெரிய ஓவியம், எனக்கு வாடகை பாக்கி, எழுத்தில் ஒன்றும் வாங்காமல் சரி என்றுவிட்டேன். 11 தடவை மாற்றினேன். அப்புறம் அங்கே பொறுப்பில் இருந்தவர் மாறினார், புதியவர் வேண்டாம் என்றார். நான்கு மாதம் போயிற்று, அந்த நான்கு மாதமும் சொந்தப் படம் ஒன்றுகூட வரையவில்லை. இன்றும் அதுதான் வலிக்கிறது.

அதனால் கணக்குப் போடுங்கள். வரும் தொகையில் துணி, வண்ணம், சட்டம் எல்லாவற்றையும் கழித்து, திருத்தத்துக்கும் சேர்த்து எத்தனை நாள் ஆகுமோ அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளுக்கு என்ன நிற்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படம் நம் ரசனைக்கு ஒத்துவராதது பெரிய விஷயமில்லை. 1508இல் வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் ஓவியம் வரையும் வேலை வந்தபோது மைக்கேலாஞ்சலோ தன்னைச் சிற்பியாகத்தான் நினைத்தார், உடம்பு படும் பாட்டைப் புலம்பி ஒரு கவிதையே எழுதினார், ஆனாலும் 1512இல் முடித்தார். மறுபக்கம் அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ, 1958இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டட உணவகத்துக்குப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டு, வரைந்தும்விட்டு, பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரைக் காட்டி ஒரு இளைஞரிடம் "நீயும் மறுத்துவிடு" என்று சொல்ல எனக்கு மனம் வராது, ரோத்கோவுக்கு அப்போதே பெயர் இருந்தது.

ஆனால் உயிரோடிருக்கும் இன்னொரு ஓவியர் வரைந்த படத்தை அப்படியே நகலெடுத்துத் தரச் சொன்னாலோ, அவர் கையெழுத்தைப் போடச் சொன்னாலோ, எவ்வளவு கஷ்டமிருந்தாலும் தொடாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். முடித்த படத்தைக் கொடுப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆங்கில ஓவியர் கிரஹாம் சதர்லாந்து 1954இல் வரைந்த சர்ச்சில் உருவப்படம் சர்ச்சிலுக்குப் பிடிக்காமல் பின்னால் அழிக்கப்பட்டது, இன்று மிஞ்சியிருப்பது புகைப்படங்களும் முன்வரைவுகளும்தான்.

அந்தப் பெண் அன்றிரவே அவர்களுக்கு எழுதினாள்: பாதித் தொகை முன்பணம், கரிக்கோட்டு வரைவைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு இரண்டே திருத்தம், வார்னிஷ் பிறகு, அப்பாவின் வேறு போட்டோ ஏதாவது இருந்தால் தேடித் தர வேண்டும். இரண்டு நாள் பதிலில்லை, தவித்துப் போனாள். மூன்றாம் நாள் முன்பணத்தோடு ஒரு பழைய போட்டோவும் வந்தது, கொஞ்சம் மங்கல், ஆனால் இடப்பக்க வெளிச்சம், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். நேற்று வரைவை அனுப்பினாள். இடது கண் இன்னும் சரியாகவில்லை, மூக்கின் நிழல் அழகாக விழுந்திருக்கிறது.