"எங்கட ஆக்களுக்கு வராது" என்று காத்திருந்த ஏழு மாதங்கள்

கடந்த கிழமை 16 வயதுப் பிள்ளை ஒருத்தியை அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து எங்கள் நோயாளர் விடுதிக்கு மாற்றினார்கள். ஹீமோகுளோபின் 6.8, இருக்க வேண்டியதில் ஏறக்குறையப் பாதி. படியேற முடியாமல் பாடசாலையில் மயங்கி விழுந்திருக்கிறாள். மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது.

அந்த ஏழு மாதமும் வீட்டார் சும்மா இருக்கவில்லை. முதலில் கறியில் உறைப்பைக் குறைத்தார்கள். பிறகு உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். மூலமாக இருக்கும் என்று ஒரு மாமி சொல்ல, ஊரிலிருந்து லேகியம் வந்தது. இடையில் ஒரு கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பதின்ம வயதுப் பெண் பிள்ளை, மாதவிடாயால் இருக்கும் என்று விட்டிருப்பார்கள். இப்படி விடுவது எங்கள் தொழிலில் உள்ள பிழை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆசனவாய் வழியாகக் கமெராக் குழாய் விட்டுக் கொலனஸ்கொப்பி செய்து பார்த்தால் பெருங்குடல் முழுவதும் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், உடம்பின் நோய் எதிர்ப்புத் தொகுதியே பெருங்குடலைப் புண்ணாக்கும் நீண்டகால நோய். முடிவைச் சொன்னதும் தகப்பன் கேட்டார்: "டொக்டர், இது வெள்ளைக்காரருக்கு வாற வருத்தமெல்லோ? எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லையே."

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் என்று எங்கிருந்து வரும் குடும்பமானாலும் இதே கேள்விதான். தமிழர் மட்டுமல்ல, பஞ்சாபி, குஜராத்தி, பங்களாதேஷ் குடும்பங்களும் கேட்கிறார்கள். இந்த ஒரு நம்பிக்கையால் மாதக்கணக்கில் பிந்தி வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தகப்பன் சொன்னதில் பாதி சரி. அவருக்கு அது பொருந்தும். ஒன்ராறியோவில் குடியேறியவர்களையும் இங்கேயே தலைமுறையாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வந்தது. குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய குரோன்ஸ், பெருங்குடலில் வரும் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் குடியேறியவர்களில் ஆண்டுக்கு இலட்சத்தில் 7.3 பேருக்குப் புதிதாக வந்தன. மற்றவர்களில் அது 23.9. ஆக, ஊரில் பிறந்து வளர்ந்து வந்த பெற்றோருக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எவ்வளவு சிறு வயதில் வந்தார்களோ அவ்வளவு ஆபத்து கூடுகிறது, பத்து வயது முந்தி வந்தால் 14 சதவீதம் அதிகம். தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளோ, பக்கத்து வீட்டுக் கனடியப் பிள்ளைக்குச் சமமான ஆபத்தில் நிற்கிறார்கள்.

இதை இன்னொரு முறை நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக்கில் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுகிறார்கள். தகப்பனுடைய மரபணுவும் மகளுடைய மரபணுவும் ஒரே சொத்து. நோய் வராமல் காத்தது இரத்தம் என்றால், அந்தக் காப்பு மகளுக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்களைக் காத்தது நீங்கள் வளர்ந்த இடமும் அங்கே கழிந்த முதல் சில ஆண்டுகளும். மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் ஆடு மாடும் நாலைந்து சகோதரங்களும் அடிக்கடி வந்துபோன சின்னச் சின்னத் தொற்றுகளும் சேர்ந்து உங்கள் நோய் எதிர்ப்புத் தொகுதியைப் பழக்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அந்தப் பழக்கத்தைப் பயணப் பையில் கொண்டுவந்து பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. பரம்பரையில் ஒருவருக்கும் இல்லை என்பது இங்கே பிறந்த பிள்ளையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. உங்கள் பரம்பரையில் ஒருவரும் ரொறன்ரோவில் பிறக்கவும் இல்லை.

அடுத்து வரும் பதிலும் எனக்குப் பாடம்: "நாங்கள் வீட்டில சோறு கறிதானே சாப்பிடுறம்." நல்லது, தொடர்ந்து சாப்பிடுங்கள். ஆனால் சாப்பாடு ஒன்றே கணக்கு அல்ல. தாய்லாந்து முகாம்களிலிருந்தும் தென்கிழக்காசியக் கிராமங்களிலிருந்தும் அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த மொங், கரென் இன மக்களின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வந்து ஒன்பது மாதத்துக்குள்ளேயே குடலிலுள்ள நுண்ணுயிர்களின் வகைகள் குறையத் தொடங்கிவிட்டன. ஆண்டுகள் போகப் போக இன்னும் குறைந்தன, அங்கே பிறந்த பிள்ளைகளில் அதைவிடக் குறைவு. சாப்பாட்டின் மாற்றத்தால் மட்டும் இதை முழுதாக விளக்க முடியவில்லை. குடிக்கும் தண்ணீர், குழந்தைப் பருவத்து அன்ரிபயோட்டிக், ஆறு மாதம் கதவடைத்து வாழும் குளிர்காலம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். அதனால் தாய்மாரே, உங்கள் சமையலால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலைக்குப் போனதால், பால் குடுக்காததால், பீட்சா வாங்கிக் கொடுத்ததால் என்று உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அந்தக் குற்றவுணர்ச்சியோடு என் முன்னால் அழுத தாய்மார் எத்தனையோ பேர். ஒருவர் செய்த ஒரு செயலால் வருகிற நோய் அல்ல இது.

குடலோடு முடிகிற கதையும் அல்ல. இங்கிலாந்தின் பிரட்ஃபர்டில் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத முதல் வகை நீரிழிவு 1978-81 காலத்தில் ஆண்டுக்கு இலட்சத்தில் 3.1 ஆக இருந்தது. 1988-90இல் 11.7. பத்தே ஆண்டில் அங்குள்ள மற்றப் பிள்ளைகளின் அளவை நோக்கி ஏறிவிட்டது. அவுஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்தபோது, ஆசியாவில் பிறந்த பெற்றோருக்கு அங்கே பிறந்த குழந்தைகளில் கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமை மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இருந்தது. ஆசியாவில் பிறந்து பிறகு அங்கே போன பிள்ளைகளிடம் அது குறைவு. ஒரே முகம், ஒரே குடும்பப் பெயர், பிறந்த இடம் மட்டும் வேறு. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோயிலும் இதே கோலத்தை, இங்கிலாந்தில் பிறந்த இந்திய, மேற்கிந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் 1990லேயே கண்டுவிட்டார்கள்.

நீரிழிவைப் பற்றி ஒரு அவசரமான பேச்சு. எங்கள் வீடுகளில் சீனி வருத்தம் என்றால் அம்மம்மாவுக்கு வருவது, மெல்ல வருவது, மாத்திரையோடு போவது. பிள்ளைக்கு வருவது அப்படியல்ல. அடங்காத தாகம், இரவில் எழும்பி எழும்பிச் சிறுநீர், படுக்கை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை திரும்ப நனைப்பது, சாப்பிட்டும் மெலிவது, இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே அன்றைக்கே விரல் நுனி இரத்தத்தில் சீனியின் அளவைப் பாருங்கள். அம்மம்மாவின் மீற்றர் வீட்டில் இருக்குமே, அதில் பார்க்கலாம். கூடக் காட்டினால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்தியும் இழுத்து இழுத்து மூச்சுவிடுவதும் தொடங்கியிருந்தால் மீற்றரைக்கூடத் தேட வேண்டாம், உடனே போங்கள். நாளைக்குக் குடும்ப வைத்தியரிடம் காட்டலாம் என்று காத்திருந்து நினைவிழந்து வந்த பிள்ளைகள் உண்டு. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

குடலுக்குத் திரும்புகிறேன், அதுதான் என் வேலை. இரத்தம் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது சூடு இல்லை. பிள்ளைகளுக்கு மூலம் வருவது அரிது. தூக்கத்திலிருந்து எழுப்பி மலங்கழிக்க வைக்கும் வயிற்றோட்டம் பரீட்சைப் பயத்தால் வருவதல்ல, பயம் தூங்குகிற பிள்ளையை எழுப்பாது. ஆசனவாயருகே திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வந்தால் கட்டியைக் கீறிவிட்டு வீட்டுக்கு அனுப்புவதோடு நிறுத்தக்கூடாது, குடலைப் பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் வளர உங்கள் மகன் மட்டும் இரண்டு வருடமாக அதே காற்சட்டை போடுகிறானா? "எங்கட குடும்பம் கட்டைதானே" என்று விடாதீர்கள். குரோன்ஸ் நோயில் வயிற்றுக்குத்து வருவதற்கு வெகு முன்பே வளர்ச்சி நின்றுவிடுவதுண்டு. எலும்பு வளர்ந்து முடிந்தபின் நான் மருந்து கொடுத்து அந்த உயரத்தை மீட்க முடியாது.

குடும்ப வைத்தியரிடம் போய், "கால்புரொடெக்டின் பார்க்க முடியுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மலத்தில் செய்யும் சோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். காப்புறுதி கட்டாவிட்டால் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். அப்படியென்றாலும் செய்யுங்கள். குடல் வைத்தியரிடம் அனுப்பும்படி ரெஃபரல் எழுதச் சொல்லுங்கள். "பிள்ளை பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று தட்டிக்கழித்தால் இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, ஆகவே நோயாளியான பிள்ளையே மொழிபெயர்க்கிறது. பக்கத்தில் அப்பா. 15 வயதுப் பெண் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் தன் மலத்தில் இரத்தம் போகிறது என்று எந்த மொழியில் சொல்லும்? "கொஞ்சம் வயிறு சரியில்லை" என்று வைத்தியருக்குச் சொல்கிறது, "எல்லாம் ஓகேயாம்" என்று அம்மாவுக்குச் சொல்கிறது. ஏழு மாதம் பிந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. கொலைட்டிஸ் மருந்தோடு சேர்த்து மஞ்சளின் குர்குமின் கொடுத்துச் சிறிய ஆய்வுகளில் பயன் கண்டிருக்கிறார்கள். மருந்தோடு சேர்த்து, கவனியுங்கள். மருந்தை நிறுத்திவிட்டு அல்ல. கறிக்குப் போடும் மஞ்சளில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கடையில் விற்கும் செறிவான மஞ்சள் வில்லைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆகவே போத்தலை என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கொடுங்கள். நான் ஏசமாட்டேன். மறைத்துக் கொடுத்தால்தான் கோபம் வரும். அழற்சியை அடக்க நாங்கள் கொடுக்கும் ஸ்டெரோயிட் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. முகம் ஊதுகிறது, பருப் போடுகிறது என்று பிள்ளையே குப்பையில் போட்டுவிடுவதுண்டு. அந்தக் கவலை நியாயமானது, வந்து சொல்லுங்கள், குறைக்க வழி இருக்கிறது.

எங்கள் குடும்பங்களில் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது காசநோய். குடலில் வரும் காசநோயும் குரோன்ஸும் கொலனஸ்கொப்பியில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். குரோன்ஸுக்கான மருந்து காசநோயை மோசமாக்கும். நோய் எதிர்ப்பை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசிகள் உடம்பில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். அதனால்தான் ஊரில் யாருக்குக் காசம் இருந்தது, வீட்டில் தங்கியிருந்த தாத்தாவுக்கு நீண்டநாள் இருமலா, கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்றெல்லாம் துருவுகிறேன். குடும்ப மானம் பார்த்து மறைக்க வேண்டாம். பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவருக்குத் தோலில் செய்யும் சோதனை தவறாகக் காட்டலாம், ஆகவே இரத்தச் சோதனை செய்யச் சொல்லுவோம்.

இந்த ஊசிகளில் இருக்கும் பிள்ளையைக் கோடை விடுமுறைக்குத் திருவிழா பார்க்கக் கூட்டிப்போவதற்குத் தடையில்லை. ஆனால் புறப்பட இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இந்தப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது. தைபோயிட்டுக்கு விழுங்கும் குளிசை வேண்டாம், ஊசி வகை போதும். ஊரில் ஆறு மாதம் விட்டால் வருத்தம் மாறிவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மருந்தில்லாமல் அனுப்பாதீர்கள். நோய் தொடங்கியபின் இடம் மாறினால் அது திரும்பிப் போவதில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும்கூட இப்போது இந்த நோய் கூடிக்கொண்டுதான் வருகிறது.

இனிப் பிறக்கும் குழந்தைகளுக்காக இரண்டு மூன்று வேண்டுகோள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் அன்ரிபயோட்டிக் தரச்சொல்லி வைத்தியரோடு சண்டை பிடிக்காதீர்கள், தேவைப்படும்போது தருவதை மறுக்கவும் வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு விற்றமின் டி சொட்டு, ஒரு நாளும் விடாமல். கச்சானையும் முட்டையையும் மூன்று வயது வரை ஒளித்துவைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஆபத்துக் கூடிய குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கச்சான் கொடுக்கத் தொடங்கியபோது கச்சான் ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது என்று லண்டனில் செய்த ஆய்வு 2015இலேயே காட்டிவிட்டது. ஆறு மாதமளவில், திட உணவு தொடங்கியபின், நன்றாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும். குழந்தைக்குக் கடுமையான கரப்பன் இருந்தால் அல்லது முட்டை ஒத்துவராவிட்டால் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

அந்தப் 16 வயதுப் பிள்ளை இரண்டு பை இரத்தம் ஏற்றி, மருந்து தொடங்கி, நேற்று வீட்டுக்குப் போனாள். வாசலில் தாய் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெளியில ஒருத்தருக்கும் சொல்லேல்லை டொக்டர், நாளைக்குக் கலியாணப் பேச்சு வரேக்க" என்று இழுத்தார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு தங்கச்சிமார் இருக்கிறார்கள். உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்களுக்காவது நடந்தது என்ன என்று வீட்டுக்குள் பெயர் சொல்லிப் பேசுங்கள், மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை வரும்போது மூவரையும் கூட்டிவாருங்கள். ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் நான் தனியாகப் பேச வேண்டும்.