பல்லில் பதிந்த அணுகுண்டு

கீழடியில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று செய்தி வந்தபோது கார்பன்-14 முறையைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். உயிர் போனபின் உடலில் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் மெல்லச் சிதைகிறது. பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் எப்போது இறந்தது என்று தெரியும். ஆயிரம் ஆண்டு, பத்தாயிரம் ஆண்டு என்றால் சரி. ஐம்பது வயதுக்காரரிடம் இந்தக் கணக்கு பலிக்காது. ஐம்பது ஆண்டில் சிதைவது ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆனாலும் அதே கார்பன்-14-ஐ வைத்து, 1960களில் பிறந்த ஒருவரின் பல்லைப் பார்த்து அவர் பிறந்த ஆண்டை ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் சிதைவுக்கு வேலையே இல்லை. வேலை செய்வது பனிப்போர் காலத்து அணுகுண்டுகள்.

கார்பன்-14 வானத்தில் உருவாகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. ஒரு நியூட்ரான் நைட்ரஜன் அணுவைத் தாக்கினால் அது கார்பன்-14 ஆகிவிடும். பிறகு ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி, செடிக்குள் போய், அரிசியாகவும் ஆட்டுக்கறியாகவும் நமக்குள் வந்துவிடுகிறது. அளவு மிகக் குறைவு, லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று. இது பெரிதாக ஏறி இறங்காமல் இருந்ததால்தான் வில்லார்ட் லிப்பி 1940களில் சிகாகோவில் காலக்கணிப்பு முறையை உருவாக்க முடிந்தது. 1960-இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், லிப்பி நம்பியிருந்த அந்த அளவு அதற்குள் குலைந்துபோயிருந்தது. அணுகுண்டு வெடிக்கும்போதும் நியூட்ரான்கள் கொட்டுகின்றன. அவையும் நைட்ரஜனை கார்பன்-14 ஆக்குகின்றன. 1950களில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் திறந்த வெளியில் குண்டு மேல் குண்டாக வெடித்துப் பார்த்தன. நியூசிலாந்தில் காற்றின் கார்பன்-14 அளவை எடுத்துக்கொண்டிருந்த ஏதல் ராஃப்டரும் கோர்டன் ஃபெர்குசனும் எண்கள் ஏறுவதைக் கவனித்து 1957-இல் வெளியிட்டார்கள். சோவியத் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆந்திரே சகாரவ், இந்தக் கார்பனால் வருங்காலத் தலைமுறைகளுக்கு வரும் கேட்டைக் கணக்குப் போட்டு 1958-இல் கட்டுரை எழுதினார்.

1963-இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்குள் பூமியின் வட பாதியில் காற்றிலிருந்த கார்பன்-14 கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. அப்புறம் இறங்கத் தொடங்கியது. சிதைந்து இறங்கவில்லை, கடலும் காடும் இழுத்துக்கொண்டன. பிரான்சும் சீனாவும் இன்னும் சில ஆண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தாலும் இறக்கம் நிற்கவில்லை. ஆண்டு வாரியாக வரைந்தால் செங்குத்தாக ஏறி, நீளமாகச் சரியும் ஒரு மலை கிடைக்கும். ஆய்வாளர்கள் இதை 'பாம் பல்ஸ்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் உருவான எந்தத் திசுவும், இலையும், நூலும் அந்தந்த ஆண்டின் உயரத்தைத் தனக்குள் வைத்திருக்கும்.

இதை மனித மூளைக்குத் திருப்பியவர்கள் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரிசேனும் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும். வளர்ந்த மனிதரின் மூளையில் புது நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பது பழைய சண்டை. எலிக்குக் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி, புதுச் செல்லில் அது சேர்கிறதா என்று பார்க்கலாம். மனிதருக்கு அப்படி ஏற்ற முடியாது. ஆனால் குண்டுகள் ஏற்கெனவே உலகம் முழுக்க எல்லோருக்கும் ஏற்றிவிட்டன, யாரிடமும் அனுமதி கேட்காமல்.

அவர்கள் பிடித்துக்கொண்டது டிஎன்ஏவை. செல்லில் மற்ற மூலக்கூறுகள் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ அப்படியில்லை. செல் பிரிந்து பிறக்கும்போது சேர்ந்த கார்பன்தான் பெரும்பாலும் கடைசிவரை. ஆக, டிஎன்ஏவின் கார்பன்-14 அளவு எந்த ஆண்டுக் காற்றோடு பொருந்துகிறதோ அதுதான் அந்தச் செல்கள் பிறந்த ஆண்டு. சொல்வது எளிது. இறந்தவரின் மூளைத் திசுவிலிருந்து நரம்பணுக்களின் உட்கருவை மட்டும் தனியே பிரித்து, டிஎன்ஏவைச் சுத்தப்படுத்தி, அணுக்களைத் தனித்தனியாக எண்ணும் முடுக்கிக் கருவியில் அளக்க வேண்டும். சிறிது வெளிக் கார்பன் கலந்தாலும் எல்லாம் வீண்.

2005-இல் முதல் முடிவு வந்தது. பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கு அந்த மனிதரின் வயதேதான். பிறந்தபோது கிடைத்ததோடு சரி. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் மட்டும் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பக்கமும் நாளொன்றுக்குச் சுமார் 700 புது நரம்பணுக்கள் சேர்கின்றன என்று 2013-இல் கணக்கிட்டார்கள். சண்டை அதோடு முடியவில்லை. 2018-இல் வேறு முறையில் தேடிய ஒரு குழு, பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் புதியவை எதுவும் தென்படவில்லை என்று அறிவித்தது. என் பார்வையில் கார்பன் கணக்கைத் தள்ளிவிடுவது கடினம், புது டிஎன்ஏ இல்லாமல் புதுக் கார்பன் எங்கிருந்து வரும்?

இதயத்திலும் இதே அளவைதான். இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீத அளவிலும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும் புதுப்பிக்கப்படுகின்றன. கொழுப்புச் செல்களோ ஆண்டுக்குப் பத்து சதவீதம் மாறுகின்றன. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இதில் வித்தியாசம் இல்லை. குதிகால் தசைநாணின் உட்பகுதி பதினேழு வயதுக்குப் பிறகு மாறுவதே இல்லை. ஓட்டக்காரர்களின் காயம் அங்கே ஏன் அவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

பல்லுக்கு வருவோம். எனாமல் சிறுவயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். எந்தப் பல்லின் எனாமல் எந்த வயதில் முடியும் என்பது தெரிந்ததே. அதைக் கழித்தால் பிறந்த ஆண்டு, சராசரியாக 1.6 ஆண்டு பிழையோடு. ஒரு சிக்கல் உண்டு. மலையில் ஒரே உயரம் இரண்டு பக்கமும் வரும், 1962 ஆகவும் இருக்கலாம், 1970களாகவும் இருக்கலாம். எனவே வெவ்வேறு வயதில் முளைத்த இரண்டு பற்களை எடுக்கிறார்கள். பின்னால் உருவான பல்லில் அளவு கூடியிருந்தால் ஏறுமுகம், குறைந்திருந்தால் இறங்குமுகம். அடையாளம் தெரியாத உடல்களுக்கு இது உதவுகிறது.

கடலுக்குள் போனால் கிரீன்லாந்துச் சுறா. இதன் வயதை யாராலும் சொல்ல முடியவில்லை, வளர்ச்சி வளையங்களை எண்ண கெட்டியான எலும்பே கிடையாது. யூலியுஸ் நீல்சன் குழு 28 பெண் சுறாக்களின் கண் வில்லையை எடுத்தது. வில்லையின் நடுப்பகுதி பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடும். சிறிய மீன்கள் சிலவற்றில் மட்டுமே குண்டுக் கார்பனின் தடம் இருந்தது. மற்றவை அதற்கு முன்னால் பிறந்தவை. அதை நங்கூரமாக வைத்து, நீளத்தையும் கடலின் பழைய கார்பன் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது ஐந்து மீட்டர் நீளமான ஒன்றுக்கு 392 வயது வந்தது. பிழை 120 ஆண்டு. குறைத்துப் போட்டாலும் 272. இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே 150 ஆண்டு ஆகிறதாம்.

யானைத் தந்தத்துக்கு இதே கேள்வியைக் கேட்டபோது பதில் கசந்தது. 1989-இல் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. பிடிபட்டால், இது தடைக்கு முந்திய பழைய சரக்கு என்று சொல்லலாம். 2002 முதல் 2014 வரை பிடிபட்ட தந்தங்களை அளந்து 2016-இல் வெளியான ஆய்வு அந்தச் சாக்கை உடைத்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல், பிடிபடுவதற்கு மூன்று ஆண்டுக்குள் செத்த யானைகளுடையவை.

ஓவியத்திலும் ஒன்று. வெனிஸின் பெகி குகன்ஹைம் சேகரிப்பில் ஃபெர்னான் லெஜே வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தின் துணி, 1959-க்குப் பிறகு தயாரானது என்று 2014-இல் தெரிந்தது. லெஜே இறந்தது 1955-இல்.

இந்தச் சாளரம் இப்போது மூடிக்கொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டு பழையவை, அவற்றில் கார்பன்-14 சிதைந்து தீர்ந்துவிட்டது. அவற்றை எரிக்கும் புகை காற்றிலிருக்கும் கார்பன்-14-ஐ நீர்த்துப்போகச் செய்கிறது. வட பாதியில் அளவு ஏற்கெனவே குண்டுகளுக்கு முந்திய நிலைக்குத் திரும்பிவிட்டது. அதாவது இன்று செத்த யானையின் தந்தமும் 1950-க்கு முந்திய தந்தமும் இந்த அளவையில் ஒன்றுபோலத் தெரியலாம். எரிப்பு இதே வேகத்தில் தொடர்ந்தால், 2050-இல் புதிதாக நெய்த பருத்திச் சட்டையின் கார்பன் வயது ஆயிரம் ஆண்டு என்று வரும் என்கிறது விஞ்ஞானி ஹெதர் கிரேவன் 2015-இல் போட்ட கணக்கு. தொல்லியலாளர்களுக்கும் அது தலைவலி.

மூளை ஆய்வில் மிகத் தெளிவான விடை 1955-க்கு முன்னால் பிறந்தவர்களிடமிருந்துதான் கிடைக்கிறது. அவர்களுடைய டிஎன்ஏவில் குண்டுக் கார்பன் இருந்தால், அந்தச் செல் அவர்கள் பிறந்த பின்னால் வந்தது என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். அவர்களில் இளையவருக்கே இப்போது எழுபது வயதுக்கு மேல்.