ட்ரிப் என்றால் பயணமா, நடையா?

"கடைசி ட்ரிப் போயிருச்சா அண்ணே?"

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல் யாராவது ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து இப்படிக் கேட்பார். நேரக்காப்பாளர் அறையில் இருப்பவர் தலை நிமிராமலே பதில் சொல்வார்: "இன்னும் ஒரு நடை இருக்கு, நில்லுங்க." கேட்டவர் ட்ரிப் என்றார், சொன்னவர் நடை என்றார், இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்த நமக்குத்தான் ட்ரிப் என்றதும் கை தானாகப் 'பயணம்' என்று எழுதிவிடுகிறது.

பயணம் தவறான சொல் என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரிய சொல். காசிக்குப் போவதும் பயணம்தான், வாழ்க்கையும் பயணம்தான் என்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கும் மார்க்கெட்டுக்கும் நாள் முழுக்கப் போய்வருகிற டவுன் பஸ்ஸைப் பற்றி "தினமும் எட்டுப் பயணங்கள் மேற்கொள்கிறது" என்று எழுதினால், அந்தப் பஸ்ஸே கூச்சப்படும். எட்டு நடை ஓடுகிறது, அவ்வளவுதான். இத்தனைக்கும் பயணம் என்பது வடமொழிப் 'பிரயாண'த்திலிருந்து வந்தது. தூய தமிழ் வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொள்பவர்கள் நடையை விட்டுவிடுவது வேடிக்கை.

ட்ரிப்பின் கதையைப் பார்த்தால் நடை எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் துள்ளுவது, தத்துவது என்ற பொருளில் இருந்த சொல் அது. பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது காலை லேசாகத் தூக்கிவைத்து நடப்பதையும் ஆடுவதையும் குறித்தது. கால் தூக்கி வைத்தால் ஒருநாள் தடுக்கத்தானே செய்யும்? இடறி விழுவது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. குறுகிய தூரம் போய்வருவது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் புழக்கத்தில் இருந்தது. முதலில் அது கப்பல்காரர்களின் பேச்சாக இருந்திருக்கும் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஆக, அடியெடுத்து வைப்பதுதான் ட்ரிப்பின் அடிப்பொருள்.

தமிழிலும் இதேதான் நடந்திருக்கிறது, யாரும் யாரையும் பார்த்து எழுதாமல். காலால் நடப்பது நடை. அதுவே ஒருமுறை போய்வருவதற்கும் பெயரானது. "அஞ்சு நடை தண்ணி எடுத்தாச்சு" என்று இடுப்பில் குடத்தோடு சொன்ன பெண்களுக்கும், ஒரே நாளில் நாலு நடை நெல் ஏற்றிய மாட்டுவண்டிக்காரருக்கும் இது அன்றாடச் சொல். இன்று தண்ணீர் லாரிக்காரரும் டிராக்டர்காரரும் நடைக்கு இத்தனை ரூபாய் என்றுதான் வாடகை பேசுகிறார்கள். அரசாங்கத்திலும் இருக்கிறது. கல், கிராவல் ஏற்றிப் போகும் லாரி கையில் வைத்திருக்க வேண்டிய சீட்டுக்கு 'நடைச்சீட்டு' என்று பெயர். அது இல்லாமல் பிடிபட்ட லாரிகளின் செய்தி நாளிதழில் அடிக்கடி வரும்.

நடையைவிட எனக்குப் பிடித்தது 'எட்டு'. எண் அல்ல, காலடி. "அத்தையை ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு" என்று அம்மா சொல்வாரே, அந்த எட்டு. எட்டி வைக்கும் அடி எட்டு; ஓர் அடியில் போய் வந்துவிடுகிற மாதிரிச் சின்னப் பயணம் ஒரு எட்டு. ட்ரிப் என்ற சொல் பிறந்த விதத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் எந்த மொழியிலும் கிடைக்குமா என்பது சந்தேகம். அறிவிப்புப் பலகையில் எழுத முடியாது, உண்மைதான். கதையிலும் கடிதத்திலும் தாராளமாக எழுதலாம்.

நம்மிடம் இன்னொரு பழைய சொல்லும் இருந்தது: செலவு. செல்வது எதுவோ அது செலவு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவி வாடுவதைப் பார்த்துத் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்பார்கள். பாலைத்திணையில் இது நிறைய வரும். தொல்காப்பியம் இன்னும் நுணுக்கமாக, அது போகாமலே இருந்துவிடுவது அல்ல, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காகத் தள்ளிவைப்பது என்கிறது. ட்ரிப் கேன்சல் இல்லை, போஸ்ட்போன்! காலப்போக்கில் காலால் செல்வது போய், கையிலிருந்து காசு செல்வது மட்டும் செலவு என்று ஆகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கின்றன என்பதால் பெரிய இழப்பில்லை.

ஆங்கிலத்திலும் ட்ரிப்புக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் இப்படித்தான் தடம் மாறி வந்தவை. 'ட்ராவல்' முன்பு வேதனையான உழைப்பு. 'ஜர்னி' ஒரு நாளில் நடக்கிற தூரம் அல்லது ஒரு நாள் வேலை. 'வாயேஜ்' என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு வழிக்கு எடுத்துப்போகும் சோறும் பணமும் என்று பொருள். நம் ஊரில் அதற்குக் கட்டுச்சோறு என்றும், அதற்கு முன் ஆற்றுணா என்றும் பெயர். ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. கற்றவனுக்கு எந்த நாடும் சொந்த நாடுதான், ஆற்றுணா வேண்டியதில்லை என்கிறது பழமொழி நானூறு. எங்கள் வீட்டில் எவ்வளவு கற்றவர்களாக இருந்தாலும் புளிச்சோறு கட்டாமல் ரயில் ஏறியதில்லை.

'டூர்' மட்டும் தமிழில் தடங்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டது. அதன் மூலம் சுற்றுவது, திரும்புவது. நாம் சுற்று, உலா இரண்டையும் சேர்த்துச் சுற்றுலா என்றோம். மூலத்தையும் தொட்டு, உலா என்கிற பழைய இலக்கிய வகையின் வாசனையையும் சேர்த்துக்கொண்ட நல்ல ஆக்கம்.

சரி, எங்கே எதை எழுதுவது? வண்டி திரும்பத் திரும்ப ஓடுகிற சேவை என்றால் நடை: முதல் நடை, கடைசி நடை, கூடுதல் நடை. ஊட்டிக்குக் குடும்பத்தோடு ட்ரிப் என்றால் சுற்றுலா. ஆட்டோக்காரருக்கு அது சவாரி. பாரசீக வழி வந்த சொல் என்றாலும் வேறு சொல் சொன்னால் அவரே சிரிப்பார். செயலியில் வண்டி ஓட்டும் இளைஞர்கள் "ட்ரிப் எடுத்துட்டேன்" என்கிறார்கள். அவர்களிடம் போய்த் திருத்தம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அலுவலக வேலையாக வெளியூர் போவதற்குப் பயணம் சரியாக இருக்கும், அதற்குக் கொடுக்கும் பணமே பயணப்படிதானே. 'ரவுண்ட் ட்ரிப்' என்பதற்குச் சுற்றுப்பயணம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது முழுத் தவறு. சுற்றுப்பயணம் என்பது தலைவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போவது. டிக்கெட் கவுன்டரில் நாம் கேட்பது 'போக வர', அதையே எழுதலாம்.

மின்சாரப் பெட்டியில் ஸ்விட்ச் 'ட்ரிப்' ஆவது அந்தப் பழைய தடுக்கி விழும் பொருளின் பேரன். ஆனால் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ட்ரிப்ஸும், தோட்டத்தில் போடுகிற ட்ரிப் பாசனமும் வேறு சொல், சொட்டுவது என்ற பொருள். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. போன கோடையில் சித்தி "மாமா ட்ரிப் போட்டிருக்கார்" என்று ஒற்றை வரி அனுப்பினார். ஊருக்குக் கிளம்பியிருக்கிறாரா, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாரா என்று பதறிப் போய் போன் அடித்தேன். தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறாராம்.