குவாரண்டைன் – சொல் விளக்கம்

குவாரண்டைன் (பிரெஞ்சில் கராந்தேன்): 1. தொற்று இருக்கலாம் என்ற ஐயத்தில் ஆளையோ கப்பலையோ கால்நடையையோ சில காலம் ஒதுக்கி வைப்பது. 2. கணினியில், ஆன்டிவைரஸ் சந்தேகப்படும் கோப்பை அதன் இடத்திலிருந்து எடுத்து, யாரும் திறக்க முடியாதபடி உருமாற்றித் தன் வசம் வைத்துக்கொள்வது. தமிழில்: ஒதுக்கிவைப்பு. நோய் பற்றிய பேச்சில் தனிமைப்படுத்தல்.

இத்தாலியின் வெனிஸ் பேச்சில் குவாரந்தா என்றால் நாற்பது. 1377ல் அட்ரியாட்டிக் கரையில் உள்ள ரகூசா நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் வெளியே தங்கிய பிறகுதான் உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டது. இன்று அந்த ஊர் குரோவேசியாவின் துப்ரோவ்னிக். முதலில் முப்பதை வைத்துத் திரெந்தீனா என்று வழங்கிய பெயர், கெடு நாற்பது நாளாக நீண்டபோது குவாரண்டீனா ஆனது. ஏன் நாற்பது என்றால், விவிலியத்தில் வரும் நாற்பது நாள்களைக் காரணம் காட்டுவார்கள். நம் பக்கத்து மண்டலக் கணக்கும் 40, 41, 48 என்று இடத்துக்கு இடம் மாறும். ஆகவே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 2020ல் மொரிசியஸ் வந்து இறங்கியவர்களை ஓட்டலில் 14 நாள் வைத்தார்கள். அதற்கும் கராந்தேன் என்றே பெயர்.

மொரிசியஸ் தமிழருக்கு இது அகராதியில் தேடிப் பார்க்க வேண்டிய சொல் இல்லை. வடக்கே கடலில் தெரியும் பிளாட் தீவும் அதை ஒட்டிய கப்ரியேல் தீவும் கூலிக் கப்பல்களில் வந்தவர்களை நிறுத்தி வைத்த இடங்கள். 1856ல் கல்கத்தாவிலிருந்து வந்த இரு கப்பல்களின் ஆட்களைக் காலரா பயத்தில் கப்ரியேல் தீவில் இறக்கிவிட்டார்கள். போதிய தங்குமிடமும் மருத்துவமும் இல்லாமல் அங்கேயே பலர் இறந்தார்கள். பக்கத்து ரெயூனியனில் லா கிராந்த் ஷலூப் பள்ளத்தாக்கில் இதே வேலைக்குக் கட்டிய லாசரே கட்டடங்களை இன்றும் பார்க்கலாம்.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதிலுள்ள 'காத்திருப்பு'. ஒதுக்கப்பட்டது குற்றம் செய்தது என்று முடிவாகவில்லை. சோதித்த பின் திரும்ப விடலாம், அல்லது ஒழித்துவிடலாம். தமிழ்ச் சொல்லும் இதைத் தாங்க வேண்டும். 'தடுப்பு' என்று எழுதினால், உள்ளேயே வரவிடவில்லை என்று பொருள் வந்துவிடும். 'நீக்கம்' என்றால் கோப்பு போயே போய்விட்டது என்று பயனர் தலையில் கை வைத்துக்கொள்வார். 'தனிமைப்படுத்தல்' சரியான சொல்தான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அது ஆளோடு ஒட்டிக்கொண்டது, கோப்பைத் தனிமைப்படுத்தினோம் என்றால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. 'ஒதுக்கிவை' என்ற வினையில் எல்லாம் அடங்கும்: ஒதுக்கிவைத்தது, ஒதுக்கிவைப்புப் பட்டியல், ஒதுக்கிவைப்பிலிருந்து மீட்பு. இனி அதையே எழுதுகிறோம்.

இந்த நுணுக்கம் எங்கே காசாகிறது என்றால், ஒரு நாள் காலையில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைத் திறந்ததும் இன்பாக்ஸ் வெறுமையாகக் கிடக்கும்போது. எட்டு வருட மெயிலில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அனுப்பியவை, வரைவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இன்பாக்ஸ் மட்டும் காலி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆன்டிவைரஸைத்தான்.

தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் எல்லா மெயிலையும் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். எம்பாக்ஸ் என்பது இந்த முறையின் பெயர். இன்பாக்ஸ் என்பதே, பெயரின் முடிவில் வகையைக் காட்டும் வால் எதுவும் இல்லாத ஒரு கோப்பு. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் கோப்பு அதன் அட்டவணை மட்டும். ஆன்டிவைரஸ் பார்ப்பதோ கோப்பை. இருபதாயிரம் மெயிலில் ஏதோ ஒரு போலி ரசீதின் இணைப்பில் (அட்டாச்மென்ட்) நச்சு இருந்தால், அதன் கணக்கில் முழு இன்பாக்ஸும் நச்சுக் கோப்பு. ஒரு பயணிக்குக் காய்ச்சல் என்று கப்பலையே தீவில் நிறுத்திய கதைதான். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புக்கும் இதே ஆபத்து உண்டு. அதில் இன்பாக்ஸ் மட்டுமல்ல, நாட்காட்டி, முகவரிகள் எல்லாம் ஒரே மூட்டை.

"அந்தக் கெட்ட மெயிலை அன்றைக்கே அழித்துவிட்டேனே" என்பார்கள். அழித்திருப்பார்கள், பொய் இல்லை. ஆனால் எம்பாக்ஸில் அழிப்பு என்பது ஒரு குறி மட்டுமே. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும். படித்த மெயிலுக்கு 0001. படித்து அழித்ததற்கு 0009. திரையில் மறைந்துவிடுகிறதே தவிர, மெயிலும் இணைப்பும் ஓரெழுத்து குறையாமல் கோப்பில் கிடக்கின்றன. கோப்புறையைச் சுருக்கினால்தான் அவை உண்மையில் போகும். ஆங்கில மெனுவில் காம்பாக்ட், பிரெஞ்சு மெனுவில் கொம்பக்தே. குப்பைத்தொட்டியும் ஒரு எம்பாக்ஸ் கோப்புதான் என்பதால் அதையும் காலி செய்து சுருக்க வேண்டும்.

மீட்கும்போது வரிசை முக்கியம்.

தண்டர்பேர்டை முதலில் மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பின்னணியில் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். இன்பாக்ஸ் கோப்பு இல்லாத நிலையில் அது ஓடினால் புதிதாக ஒரு காலி இன்பாக்ஸை உண்டாக்கி, வரும் மெயிலை அதில் எழுதத் தொடங்கிவிடும். பிறகு பழையதை மீட்கும்போது அதே இடத்தில் அதே பெயரில் இரண்டு கோப்பு மோதும்.

அடுத்து ஆன்டிவைரஸின் ஒதுக்கிவைப்புப் பட்டியல். விண்டோஸ் டிஃபெண்டர் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் புரொடெக்ஷன் ஹிஸ்டரி. பட்டியலில் கோப்பின் பழைய பாதையும் இருக்கும். அது இன்பாக்ஸ் என்று முடிகிறதா பாருங்கள். அந்தப் பாதையில் உள்ள மெயில் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். பிறகு அதே கோப்புறையை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில், அதாவது சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலில், சேருங்கள். இந்தப் படியைத் தாண்டினால், மீட்ட கோப்பை நொடிகளில் அது மறுபடியும் அள்ளிக்கொண்டு போகும். இப்போது ரெஸ்டோர், பிரெஞ்சில் ரெஸ்தோரே. அதே மெனுவில் ரிமூவ் அல்லது சுப்ரிமே என்று இருப்பதில் விரல் படக் கூடாது. அதை அழுத்தினால் ஒதுக்கிவைப்பு உண்மையிலேயே நீக்கமாகிவிடும்.

காலி இன்பாக்ஸ் ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தால், மீட்கும் முன் அதன் பெயரை மாற்றி அதே கோப்புறையில் விடுங்கள். தண்டர்பேர்டு அதைத் தனிக் கோப்புறையாகக் காட்டும், புது மெயில் தொலையாது. இன்பாக்ஸின் எம்எஸ்எஃப் கோப்பை அழிக்கலாம், திறக்கும்போது புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆன்டிவைரஸ் பதிவில் உள்ள நச்சின் பெயர், இணைப்பின் பெயர், தேதி ஆகியவற்றை வைத்து அந்த மெயிலைக் கண்டுபிடித்து, ஷிஃப்ட் விசையோடு அழித்து, கோப்புறையைச் சுருக்குங்கள். இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டாம். முடிந்ததும் விலக்கை எடுத்துவிடுங்கள். விலக்கு நிரந்தரமாக இருந்தாலும், இணைப்பைத் திறக்கும்போது அது டெம்ப் கோப்புறையில் எழுதப்பட்டு அங்கே சோதிக்கப்படும் என்பது உண்மைதான். இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது.

ஐமேப் கணக்கு என்றால் இவ்வளவு பாடு இல்லை. மெயில் வழங்கியில் (சர்வர்) இருக்கிறது. கோப்புறையின் பண்புகளில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்தால் மறுபடி இறங்கும். மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கில், வழங்கியில் நகல் விடும் தேர்வு இல்லையென்றால், ஒதுக்கிவைத்த கோப்புதான் ஒரே பிரதி.

இது திரும்ப நடக்காமல் இருக்க, பாப் கணக்குக்காரர்களுக்குத் தண்டர்பேர்டிலேயே ஒரு தேர்வு உண்டு. அமைப்புகளில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பிரெஞ்சில் வீ பிரிவே ஏ செக்யூரிதே. அதன் கீழே ஆன்டிவைரஸ். வருகிற மெயிலைத் தனித்தனியாக ஒதுக்கிவைக்க அனுமதி என்ற கட்டத்தில் குறியிடுங்கள். குறி இல்லாதபோது புது மெயில் நேரே இன்பாக்ஸ் கோப்பின் கடைசியில் ஒட்டப்படும். குறி இருந்தால் முதலில் டெம்ப் கோப்புறையில் தனிக் கோப்பாக எழுதப்படும். ஆன்டிவைரஸ் பிடுங்கினால் அந்த ஒரு மெயிலோடு போகும். ஆனால் பின்னொரு நாள் நடக்கும் முழு வட்டுச் சோதனையில், அன்று அறியப்படாத நச்சு பழைய மெயிலில் இன்று தெரியவரலாம். அதற்குச் சுருக்குவதும், பழைய மெயிலை வருட வாரியாகத் தனிக் கோப்புறைகளுக்கு மாற்றுவதும்தான் வழி. கப்பல் சிறிதானால் சிக்குகிறவர்களும் குறைவு.

சான்றிதழ் பிழை வருகிறது, மெயில் பாதியில் நிற்கிறது என்றால் அதை ஒதுக்கிவைப்பின் தலையில் கட்டாதீர்கள். ஆன்டிவைரஸ் 993, 995, 465, 587 போன்ற மெயில் வாயில்களில் (போர்ட்) நடுவே புகுந்து, தன் சொந்தச் சான்றிதழைக் காட்டிப் போக்குவரத்தைப் படிப்பதால் வருவது அது. மெயில் சோதனைப் பகுதியை மட்டும் அணைத்தால் போதும், கோப்புச் சோதனை தொடரட்டும்.

அலுவலக மெயிலில் இன்னொரு வகை ஒதுக்கிவைப்பு உண்டு: கணினிக்கு வரும் முன்பே வழங்கியில் நிற்பது. இன்பாக்ஸில் எத்தனை தேடினாலும், கணினியின் ஆன்டிவைரஸைக் குடைந்தாலும் அது கிடைக்காது. மைக்ரோசாஃப்ட் 365ல் இதற்கு அதிகபட்சக் கெடு 30 நாள், ரகூசாக்காரர்கள் முதலில் போட்ட அதே 30. அதற்குள் நிர்வாகியிடம் சொல்லி விடுவிக்காவிட்டால் மெயில் தானாக அழிந்துவிடும்.