கன்று நட்டால் காடு ஈடாகிவிடுமா?

காட்டு நிலத்தைப் பிற பயன்பாட்டுக்குக் கேட்கும் திட்ட அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் பணி. அண்மையில் வந்த அறிக்கையிலும் அதே வாசகம் இருந்தது: “வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மரக்கன்றுகள் நடப்படும்.” இழப்புக் கணக்கில் வெட்டப்படும் மரத்தின் விலை மட்டுமே இடம்பெற்றிருந்தது; அந்தச் சரிவில் ஊறிக் கீழேயுள்ள அணைக்குச் சேரும் நீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் இந்த வாசகம் மீண்டும் வந்துகொண்டே இருப்பதால், இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

காட்டை மரங்களின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. அதன் வேலையில் பெரும்பங்கு தரைக்குக் கீழே நடக்கிறது. மண் நீரை உறிஞ்சும் வேகத்தை அறிய, இரும்பு வளையம் ஒன்றை நிலத்தில் இறக்கி நீர் ஊற்றிப் பார்ப்போம். இயற்கைக் காட்டில் சருகை ஒதுக்கிவிட்டு ஊற்றினால், அளவைக் குறித்துக்கொள்வதற்குள் நீர் மளமளவென்று இறங்கிவிடும். மட்கிப்போன இலைதழைகளும், மடிந்த வேர்கள் விட்டுச்சென்ற துளைகளும், மண்புழு வளைகளும், பூஞ்சை இழைகள் பிணைத்த மண்துகள்களும் அதற்கு வழிவிடுகின்றன. கனரக வாகனங்கள் ஏறி இறங்கி இறுகிய நிலத்திலோ அதே வளையத்தில் நீர் கலங்கித் தேங்கி நிற்கும். அங்கே குழி தோண்டிக் கன்று நட்டால் குழிக்குள் மட்டுமே மண் இளகும். எஞ்சிய நிலம் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை மழைநீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய் அணையில் வண்டலாகச் சேர்க்கும்.

வேகமாக வளரும் ஒரே இன மரங்களை நடுவது சில இடங்களில் நிலைமையை மோசமாக்கும். தென்னாப்பிரிக்கா தனது 1998 நீர்ச் சட்டத்தில், வணிக மரத்தோப்பு வளர்ப்பை ஓடைநீரைக் குறைக்கும் செயலாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

பொருளாதாரத்தைக் காரணம் காட்டுவோரிடம் நான் காட்டுவதும் பொருளாதாரத்தைத்தான். நியூயார்க் நகரம் பல நூறு கோடி டாலர் செலவில் நீர் வடிகட்டும் ஆலை கட்ட வேண்டிய நிலையில், 1997-இல் கேட்ஸ்கில் மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்க உடன்பாடு செய்துகொண்டு, அதைவிட மிகக் குறைந்த செலவில் நல்ல குடிநீரை உறுதிசெய்தது. சீனாவோ 1998-இன் யாங்சி வெள்ளத்துக்கு ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த பிறகே, மேல்படுகையின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. கோஸ்டா ரிக்காவில் காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காப்பிச் செடிகள், காட்டுத் தேனீக்களின் மகரந்தச் சேர்க்கையால் சுமார் 20 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்ததாக 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெட்டிய மரம் நாட்டின் உற்பத்தியில் வருமானமாகச் சேர்கிறது. நிற்கும் காடு தரும் இந்தப் பயன்களோ வழக்கமான கணக்கில் காட்டின் பெயரில் வருவதே இல்லை.

எனவே, திட்டம் தீட்டுவோர் முதலில் ஏற்கெனவே சீர்கெட்டுக் கிடக்கும் நிலத்தைத் தேடுங்கள். காட்டைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், ஓடைக்கரைகளையும் செங்குத்துச் சரிவுகளையும் விட்டுவிடுங்கள். தூர் வாரும் செலவையும் குறையும் நிலத்தடி நீரையும் இழப்பில் சேருங்கள். கன்று நட்டால் அந்த மண்ணுக்குரிய பல இனங்களை நடுங்கள். எத்தனை நட்டோம் என்பதோடு நிறுத்தாமல், ஐந்தாண்டுகள் கழித்து எத்தனை பிழைத்தன என்றும் அறிக்கை தாருங்கள். பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள்: கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ‘எத்தனை மரம்’ என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தச் சரிவின் நீர் எங்கே போகிறது, அதை நம்பியிருப்போர் யார் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.